வீட்டுக் குப்பைக்கு உரியவர் யாவர்?

குப்பை என்னுஞ் சொல்லுக்குக் குவியல் என்ற பொருளும் உண்டு. கூட்டித் தள்ளியது என்ற பொருளும் உண்டு. உழவர் வழக்கிலோ அது எருவுக்கும் பெயராய் நிற்கின்றது. தோட்டத்துக்குக் குப்பை போட்டாயிற்றா என்று ஒருவன் அயலானை வினாவினால், நிலத்தை அசுத்தப்படுத்தினாயா என்று கேட்டதாக எவருங் கொள்ளார். முற்றத்தில் நின்று நோக்குவோனுக்கு வேண்டாததாய்த் தோன்றும் ஒன்று, தோட்டத்து வரம்பில் நின்று நோக்குவோனுக்கு வேண்டுவதாய்த் தோன்றுகின்றது. முற்காலத்தில் அவ்விருவரும் பெரும்பாலும் ஒருவராகவே இருந்தமையால், ஒரு சொல் இரண்டு பொருளையுந் தாங்குவதில் யாதொரு முரணும் உண்டாகவில்லை. இக்காலத்தில் அவ்விருவரும் வேறாயினர். முற்றத்தைக் கூட்டுவோனுக்குத் தோட்டமில்லை. தோட்டஞ் செய்வோன் பசளையைக் கடையில் வாங்குகின்றான். இடையில் நின்ற பொருள் உரியவரின்றி வீதிக்கு வந்துவிட்டது.

ஆதலால் ஈண்டு ஆராயத்தக்க வினா இது: ஒரு குடும்பத்தான் தன் வீட்டில் உண்டாகுங் கழிவுக்கு எவ்வளவு தூரம் பொறுப்புடையவன்? அவன் பொறுப்புப் படலையோடு முடிகின்றதா, அதற்கப்பாலும் அவனைத் தொடர்ந்து செல்கின்றதா?

அநேகர் இதற்கு உடனே சொல்லும் விடை, நாம் சோலைவரி கட்டுகின்றோம், அள்ளிச் செல்வது சபையின் கடமை என்பதாம். இவ்விடையில் உண்மை சிறிதும் இல்லை என்று சொல்லுதல் நீதியன்று. பலர் கூடி வாழும் நகரத்திலே சில வேலைகளைப் பொதுவிற் செய்வதற்கே வரி இறுக்கப்படுகின்றது. கண்ணாடித் துண்டையும் பழைய மின்குமிழையும் ஒருவன் தன் வளவிலே யாது செய்வான்? அவற்றைச் சபை கொண்டுபோதல் முறையே. ஆனால் வரி கொடுத்தமையாற் சுமத்தற்குரிய கூலி கொடுக்கப்பட்டதேயன்றிச் சுமையின் இயல்பு மாறிவிடவில்லை. இலங்கையின் நகரங்களில் வீடுகளினின்றும் சேரும் கழிவிலே பாதிக்கு மேற்பட்டது காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, இலை, சோறு முதலிய அழுகும் பொருளே. இவை மண்ணிலிருந்து வந்தவை, மண்ணுக்குத் திரும்பத்தக்கவை. இவற்றைப் பொலித்தீன் பையிலே கட்டி, உடைந்த போத்தலோடும் பழைய மின்கலத்தோடும் கலந்து படலையில் வைப்பவன், எருவாகத் தக்கதை நஞ்சாக்குகின்றான்; மீட்டு உருக்கத் தக்கதை அழுக்காக்குகின்றான். கலப்பது அரைக்கணத்து வேலை. கலந்ததைப் பிரிப்பது மற்றொருவன் கையினாற் செய்யவேண்டிய வேலை. அந்தக் கைக்கு எந்த வரிப் பற்றுச்சீட்டும் கூலியாகாது.

2017 ஆம் ஆண்டு சித்திரை மாதம் 14 ஆந் தேதி, புத்தாண்டுத் தினத்திலே, கொழும்புக்கு அணித்தாயுள்ள மீதொட்டமுல்லையில் நிகழ்ந்ததை ஆசிரியர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆண்டுக்கணக்காக நகரத்துக் கழிவு கொட்டப்பட்டு மலைபோல் உயர்ந்து நின்ற மேடு சரிந்து, அதன் அடியிலே குடியிருந்த ஏழைகளின் வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அம்மேட்டைக் கட்டியவர் யாவர்? எந்தத் தனி மனிதனும் அதனைக் கட்டவில்லை. ஒரு வீட்டின் வாழைப்பழத் தோலும், மற்றொரு வீட்டின் கீரைத்தண்டுமாக, கைப்பிடி கைப்பிடியாக அது உயர்ந்தது. அழுகும் பொருளைக் காற்றுப் புகாதபடி ஆழத்தில் அமுக்கினால் மெதேன் வாயு பிறக்கும், கசியும் நீர் உள்ளே தேங்கும், மேடு உறுதியிழக்கும். சரிவுக்குப் பின்னர்க் கொழும்பின் கழிவைப் புத்தளம் மாவட்டத்து அருவக்காட்டுக்குக் கொண்டுசெல்ல ஏற்பாடு நடந்தபோது, அப்பகுதி மக்கள் எதிர்த்து நின்றனர். எங்கள் பக்கத்திலும் யாழ்ப்பாண மாநகரக் கழிவு பல ஆண்டுகளாகக் கல்லுண்டாய் வெளியிற் கொட்டப்பட்டமையும், அங்கே தீயும் புகையும் எழுந்தமையும், அயலவர் முறையிட்டமையும் யாவரும் அறிந்தவை. குப்பை எப்பொழுதும் வலியவன் வீட்டிலிருந்து எளியவன் வாசலை நோக்கியே நடக்கின்றது. தூரத்துக்கு அனுப்பிவிட்டோம் என்பதனாற் பொறுப்பு ஒழிந்தது என்று சொல்லுவோர், அந்தத் தூரத்திலும் ஒருவர் முற்றம் உண்டென்பதை எண்ணுவதில்லை.

ஒருவர் கைப்பிடியளவு செய்தால் மலை குறைந்துவிடுமோ என்று சிலர் கேட்பர். குறையாது. ஆயினும் அக்கேள்வி வழிதப்பியது. கடன்பட்டவன் ஒருவன், ஊரிலே கடன்பட்டவர் பலர் உளர், நான் ஒருவன் இறுத்தால் ஊர்க்கடன் தீருமோ என்று சொன்னால், அதனை நாம் நியாயமென்று கொள்வோமா?

கடன் என்றது உவமைக்காக மாத்திரமன்று. தென்னை தன் காய்களோடு நிலத்திலிருந்து பொட்டாசியச் சத்தை மிகுதியாக வெளியேற்றுகின்றது. அதிற் பெரும்பங்கு உரிமட்டையிலே நிற்கின்றது. மட்டையைத் தென்னையின் அடியைச் சுற்றிப் புதைப்பவன் மரத்துக்குக் கொடை செய்யவில்லை. எடுத்ததிலே ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தான். இதனால் ஒரு சிறு ஐயம் தீர்கின்றது. கூட்டெரு செய்வோன் தன் கத்தரிக்கும் வெண்டிக்கும் இலவசமாய் எரு பெறுகின்றான். தனக்கு இலாபந் தருஞ் செயலை அறமென்று புகழலாமா என்று கேட்பாருண்டு. புகழவேண்டுவதில்லை. கடனிறுத்தல் கொடையன்று, இறுத்தவனுக்கு மாலை சூட்டுதல் வழக்கமுமன்று. இறுக்காமையே குற்றமாம். கூட்டெரு செய்தலைப் பெருந்தவம்போலப் பேசித் திரிவோரைக் காணும்போது, அவர் குவியலைக் காட்டிலும் பேச்சே அதிகம் சூடேறியிருத்தலை அவதானித்திருக்கின்றேன்.

இங்கே வலிமையான ஒரு தடை உண்டு. நாம் உண்ணும் அரிசி பொலநறுவையிலோ கிளிநொச்சியிலோ விளைந்தது. உருளைக்கிழங்கு நுவரெலியாவிலிருந்து வந்திருக்கலாம். அந்நிலங்களுக்குப் பட்ட கடனை நம் வளவில் இறுத்தல் எங்ஙனம் பொருந்தும்? உண்மையிற் பொருந்தாதுதான். நகரத்தில் உண்பவன் தான் உண்ட நிலத்துக்கு முழுதுந் திருப்பிக் கொடுக்க வழியில்லை. வணிகத்தினால் உணவு நெடுந்தூரஞ் செல்லத் தொடங்கிய நாளிலிருந்தே இச்சக்கரம் உடைந்துவிட்டது. ஆயினும் கடன் கொடுத்தவனைக் காணமுடியாதவன் பணத்தைக் கடலில் எறிதல் வேண்டுமென்பதில்லை. பக்கத்திலுள்ள பசித்த நிலத்துக்குக் கொடுத்தல், யாருக்குங் கொடாமல் ஆழத்திற் புதைத்து வாயுவாக்குதலினும் நன்று. இதற்குமேல் இத்தடைக்கு நிறைவான விடை கூற என்னால் இயலவில்லை.

இனி எரித்தலைப்பற்றி. நம்மவர் வீடுகளில் மாமரத்துச் சருகையும் பலாவிலையையும் கூட்டி மூலையிற் குவித்துத் தீ வைத்தல் பெரும் வழக்கு. சாம்பலும் பசளைதானே என்பர். சாம்பலிலே பொட்டாசியமும் சுண்ணாம்பும் நிற்கும். நைதரசனோ புகையோடு போய்விடும். மண்ணைப் பதப்படுத்தி நீரைப் பிடித்துவைக்கும் பொருளும் எரிந்துபோம். வலிகாமத்துச் செம்மண் சுண்ணக்கல்லின்மேல் மெல்லிய போர்வையாய்க் கிடப்பது. பெய்த மழை விரைந்து கீழிறங்கும். இத்தகைய மண்ணுக்கு வேண்டுவன யாவற்றுள்ளும் முதன்மையானது உக்கிய இலைப்பொருளே. எங்கள் முன்னோர் இதனை அறிந்தே புகையிலைத் தோட்டத்துக்குக் குழை தாழ்த்தினர். வேலியடைத்த பழைய பனையோலையையுங் கிடுகையும் ஆண்டுதோறும் மாற்றும்போது அவற்றைத் தோட்டத்திற் புதைத்தனர். அறுவடைக்குப்பின் ஆட்டுப்பட்டி அடைத்தனர். வேலி போய் மதில் வந்தபின் அந்த ஓலையும் போயிற்று. சருகோடு பொலித்தீனையுஞ் சேர்த்து எரிப்போரோ, தம் வளவிலே எரிக்கின்றோம் என்று சொல்லிக்கொண்டு, வேலிக்கப்பாலுள்ள குழந்தையின் நுரையீரலில் நஞ்சைச் சேர்க்கின்றனர். புகைக்கு உறுதிப்பத்திரமும் எல்லைக்கல்லும் இல்லை.

கூட்டெரு என்பது யாது? அழுகுதலும் உக்குதலும் ஒன்றல்ல. காற்றில்லாத இடத்திற் பொருள் அழுகி நாறும். காற்றும் ஈரமும் அளவாயுள்ள இடத்திலே நுண்ணங்கிகள் அதனைத் தின்று, சூட்டை வெளிவிட்டு, மண்வாசனையுடைய கருநிறப் பொருளாக மாற்றும். அவற்றுக்கு உடலெரிக்கக் காபனும், உடல் வளர்க்க நைதரசனும் வேண்டும். காபன் முப்பது பங்குக்கு நைதரசன் ஒரு பங்கு என்னும் அளவு அவற்றுக்கு மிக ஏற்றது. சருகு, வைக்கோல், மரத்தூள், கடதாசி என்பன காபன் மிக்கவை. காய்கறித் தோல், பச்சைப்புல், தேயிலைச் சக்கை, சாணி என்பன நைதரசன் மிக்கவை. இம்முறையை மேனாட்டார் கவனிக்கும்படி செய்தவர் அல்பேட் ஹவாட் என்னும் ஆங்கிலேயர். அவர் 1924 தொடக்கம் 1931 வரை இந்தியாவின் இந்தோரிலே ஆராய்ச்சி நடத்தி, யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து 1931 இல் அதனை நூலாக வெளியிட்டார். இந்திய உழவரையும் பயிரைத் தாக்கும் பூச்சிகளையுமே தம் ஆசிரியர்களாகக் கருதியவர் அவர். நம்மிற் சிலர் பாட்டனிடங் கேட்கமறுத்ததை, அப்பாட்டனைப் போன்றவர்களிடங் கேட்ட ஆங்கிலேயரின் புத்தகத்திற் படித்து வியக்கின்றனர்.

தொடங்குவதற்கு விலைகொடுத்து வாங்கவேண்டியது ஒன்றுமில்லை. கடைகளில் விற்கும் தூள்களும் அவசியமல்ல. வேண்டிய நுண்ணங்கிகள் சருகிலும் மண்ணிலும் முன்னமே உள்ளன. சாணிக் கரைசல் சிறிது கிடைத்தால் நன்று. முதலிற் குசினியில் இரண்டு பாத்திரங்கள் வைக்க. ஒன்று அழுகுவதற்கு, மற்றது அழுகாததற்கு. இவ்வொரு செயல் பழகினால் பாதி வேலை முடிந்தது. பின்பு வளவிலே அரைநிழலான ஓரிடத்தைத் தெரிக. எங்கள் நாட்டிற் குழியினுங் குவியலே சிறந்தது. குழி மாரியில் நீர் கட்டும், கற்பாறையையும் விரைவில் முட்டும். கிணற்றுக்கு அருகிற் குவியல் ஆகவே ஆகாது. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருத்தலை ஆய்வாளர் பல ஆண்டுகளாக எடுத்துக்காட்டி வருகின்றனர். அளவிறந்த யூரியாவும் மலக்குழிகளும் அதற்குக் காரணம். கூட்டெருவிலிருந்து மழையோடு கசிவதும் அதே கிணற்றுக்குத்தான் போகும். நன்மை செய்யப் புகுந்து அயலான் குடிக்கும் நீரைக் கெடுத்தல் தகாது. ஆதலாற் குவியல் வளவின் மறுகோடியில் இருக்க. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதனைக் கிடுகினால் மூடுக.

குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஏறக்குறைய மூன்றடியாய் இருந்தாற்றான் உள்ளே சூடு நிற்கும். அப்படி அமைந்தால் 55 முதல் 65 பாகை வரை சூடேறும். களைவிதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் அச்சூட்டில் அழியும். அடியிலே சுள்ளிகளைப் பரப்பிக் காற்றுக்கு வழிவிடுக. அதன்மேற் சருகு, அதன்மேற் குசினிக் கழிவு, மறுபடியுஞ் சருகு. கழிவு ஒரு சட்டியானாற் சருகு இரண்டு மூன்று சட்டி. மேலே எப்பொழுதுஞ் சருகே தெரியவேண்டும்; ஈ மொய்க்கும் வீடுகளில் இவ்வொன்றுதான் தவறியிருக்கும். கையில் அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி கசியுமளவு ஈரம் போதும். இரண்டு வாரத்துக்கொருமுறை மண்வெட்டியாற் புரட்டினால் மூன்று மாதத்தில் எருவாம். புரட்டாமல் விட்டால் ஆறு மாதமும் அதற்கு மேலுஞ் செல்லும். சிறிய தொட்டிகளிற் சூடு ஏறாது; அதனால் உக்குதல் நிற்பதில்லை, காலம் மாத்திரம் நீளும். நாற்றம் எழுந்தால் ஈரம் மிகுந்து காற்றுக் குறைந்ததென அறிந்து, சருகு சேர்த்துப் புரட்டுக. எறும்பு குடியேறினால் உலர்ந்துவிட்டதென அறிந்து நீர் தெளிக்க.

பாம்பு வரும் என்று அநேகர் அஞ்சுவர். பாம்பு எலியைத் தேடி வரும். எலி சோற்றையும் மீன்முள்ளையுந் தேடி வரும். ஆகவே சமைத்த உணவையும் மச்சத்தையும் குவியலில் இடாதொழிக. மிஞ்சிய சோறு மாட்டுக்கோ கோழிக்கோ போகட்டும். நோயுற்ற மிளகாய்ச் செடி, கோரைக்கிழங்கு, பூத்த பார்த்தீனியம் என்பனவும் ஆகா. பனங்கொட்டையை இதிலே போடுவாருமுளர். அது பாத்திக்குப் போய்க் கிழங்காகவேண்டியது, கழிவன்று.

எருவினால் எல்லாம் ஆகும் என்று மயங்குதலுங் கூடாது. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாகத் தடுத்தது. உழவர் தவித்தனர், விளைச்சல் வீழ்ந்தது, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன்; நல்ல கூட்டெருவிலோ ஒன்றிரண்டு பங்கே உண்டு. நாடு முழுவதற்கும் வேண்டிய எருக்குவியல்கள் கட்டளை பிறந்தவுடன் எழும்புமா? அந்த ஆண்டு நெல்லோடு கூட்டெருவின் பெயருங் கெட்டது. குற்றம் எருவினுடையதன்று. வீட்டுக் குவியல் வயலுக்குப் பசளையிடுவதற்கு வந்ததன்று. முற்றத்து மரக்கறிக்கும் பூமரத்துக்கும் அது போதும், வீதியின் பாரத்தையுங் குறைக்கும்.

மாடிக் குடியிருப்பில் ஒரு சாண் மண்ணுமின்றி வாழ்வோர் யாது செய்வர்? இயலாததைக் கடமையாக்குதல் நியாயமன்று. பிரித்து வைத்தல் அவர்க்கும் இயலும். அதனோடு அவர் கடன் தீர்ந்தது. ஆனால் வளவும் நேரமும் இருந்தும் கூசி விலகுவோரை அவ்விதம் விடமுடியாது. அந்தக் கூச்சத்தின் வேர் வேறு. நாம் அசுத்தமென்று பெயரிட்டதை எடுப்பதற்கென்று ஒரு கூட்டத்தாரை வைத்துக்கொண்டோம். நகரத் துப்புரவுத் தொழிலுக்காகப் பிரித்தானியர் ஆட்சியிலே தென்னிந்தியாவினின்றும் ஏழைகள் கொண்டுவரப்பட்டனர். அவர் வழிவந்தோருட் பலர் இன்றும் அத்தொழிலிலேயே நிற்கின்றனர். காலையில் நம் கையாலே தோலுரித்த வாழைப்பழம் மாலையில் நாம் தொடத்தகாததாய் மாறியது எவ்வாறு? தோலிலே ஒரு மாறுதலும் நிகழவில்லை. அதனைத் தொடுபவனைப்பற்றிய நம் எண்ணமே தோலின்மேற் படிந்தது. ஒருவன் தன் வீட்டுக் கழிவைத் தன் கையாற் புரட்டத் தொடங்கினால், அள்ளுவோன் முகத்தை நேரே நோக்கவும் அவனுக்குப் பழகும்.

அதுபோலவே, பத்திரிகையிற் படித்துவிட்டு மனைவியை நோக்கி இன்று முதற் கூட்டெரு செய்க என்று ஏவும் கணவன், தானே செய்தவனாகான். அவளுக்கு முன்னமே வேலை அதிகம்.

வித்தியாசாலைகளில் இதனை நடத்தும் உபாத்தியாயர்கள் ஒன்றைக் கருத்தில் வைத்தல் நன்று. பிந்தி வந்த பிள்ளைக்கும் வீட்டுவேலை செய்யாத பிள்ளைக்கும் தண்டனையாகக் குப்பை அள்ளும் வேலை கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அப்பிள்ளை குப்பையோடு ஒரு பாடத்தையும் அள்ளிச்செல்கின்றது: இது தாழ்ந்தோர்க்கும் குற்றஞ் செய்தோர்க்கும் உரிய வேலை என்பது அப்பாடம். விஞ்ஞான வகுப்பில் நுண்ணங்கிகளின் பெருமையை எவ்வளவு எடுத்துரைத்தாலும் அப்பாடத்தை அழித்தல் அரிது. வகுப்புவகுப்பாக, இடாப்பின் வரிசைப்படி, ஆண் பெண் வேற்றுமையும் குலவேற்றுமையுமின்றி எல்லாரும் முறைவைத்துச் செய்க. தலைமையாசிரியர் பெயரும் அம்முறையில் ஒருநாள் வரட்டும். பாடசாலை வளவிற் சருகு குறைவில்லை. மதிய உணவின் மரக்கறித் தோலும் நாள்தோறுங் கிடைக்கும். ஆடி மாதத்திற் குவியலைத் தொடங்கினால், ஐப்பசி மழையோடு பாத்தி கட்டும்போது எரு ஆயத்தமாயிருக்கும்.

எரு முதிர்ந்ததோ என்பதைப் பிள்ளைகளே சோதிக்கலாம். சூடு ஆறி, இலையின் உருவந் தெரியாமல், மழை பெய்த மண்ணின் வாசனை வீசினால் அதனை அரித்தெடுத்து, ஒரு சிரட்டையில் எருவும் மண்ணுஞ் சரிபாதி கலந்தும், மற்றொரு சிரட்டையில் மண்ணை மாத்திரம் இட்டும், ஒவ்வொன்றிலும் பத்துப் பயறு ஊன்றுக. ஒரு வாரத்தில் இரண்டும் ஒத்து முளைத்தால் எருவைப் பாத்திக்கு இடலாம். எருக் கலந்த சிரட்டையில் முளை குன்றியோ மஞ்சளித்தோ காணப்பட்டால், குவியலை இன்னும் ஒரு மாதம் மூடிவைத்து, மறுபடியும் பத்துப் பயறு ஊன்றிப் பார்க்க.